டமாக்சிஃபென் சாப்பிடும் அம்மாவுக்குக் குர்குமின் கேப்சூல் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுநோய்ப் புரதத்தோடு மைனஸ் 8.5 அளவுக்குப் பிணைவதாகக் கணினியில் நிரூபித்துவிட்டார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்சூல் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். டமாக்சிஃபெனை ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழம்பு, ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் வழக்கம்போல இருக்கட்டும்.

அந்த மைனஸ் 8.5 எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைப் பொதுத் தரவு வங்கியிலிருந்து இறக்கி, அதிலுள்ள குழிக்குள் குர்குமின் மூலக்கூறைப் பல கோணங்களில் மென்பொருள் உட்கார வைத்துப் பார்க்கும். எது நன்றாகப் பொருந்துகிறதோ அதற்குக் கிலோகலோரிக் கணக்கில் ஒரு மதிப்பெண் போடும்; மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ, பிணைப்பு அவ்வளவு வலு என்று கணிப்பு. இதற்குப் பெயர் டாக்கிங். சாதாரண மடிக்கணினியிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1.4 கிலோகலோரி வித்தியாசம் வந்தாலே பிணைப்பின் வலு 10 மடங்கு மாறும். இந்த மென்பொருள்களோ 2 கிலோகலோரிக்கு மேலும் பிசகக்கூடியவை. ஆயிரக்கணக்கான சேர்மங்களில் எதை முதலில் சோதனைக் குழாயில் போட்டுப் பார்ப்பது என்று வடிகட்டத்தான் இது உதவும். அந்த வேலைக்கு அருமையான கருவி.

உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்று டாக்கிங்குக்குத் தெரியாது. குர்குமின் குடலிலும் கல்லீரலிலும் வேகமாக உருமாறிவிடுகிறது. ரத்தத்தில் சேர்வது சொற்பம். ஆய்வகத்திலும் அது ஏமாற்றும்: தானே ஒளிர்வதாலும் பல புரதங்களோடு கண்டபடி வினைபுரிவதாலும், வேலை செய்வதுபோன்ற பொய்யான முடிவைத் தந்துவிடும். 2017இல் வெளிவந்த ஒரு விரிவான மருந்து வேதியியல் அலசல் இதை எடுத்துக்காட்டியது.

கேப்சூலில் மிளகின் பைப்பரின் சேர்ப்பதே, குர்குமினை உடல் அழிப்பதைத் தடுக்கத்தான். உங்கள் அம்மாவுக்குச் சிக்கலே அங்கேதான். டமாக்சிஃபென் கல்லீரல் நொதிகளால் எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவுக்கு மாறித்தான் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை, அதாவது செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தை, அடைக்கிறது. அந்த நொதிகளில் ஒன்றைப் பைப்பரினும் மட்டுப்படுத்தும். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் டமாக்சிஃபென் எடுக்கும் பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் குர்குமினைத் தினம் மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி எண்டாக்சிஃபென் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது சுமார் 12 சதவீதம். 16 பேரிடம் கண்ட சிறு ஆய்வுதான். ஆனாலும் நோய் திரும்பாமல் காக்கும் மருந்தில் அவ்வளவு குறைவதையும் நான் ஏற்கமாட்டேன்.

சமையல் மஞ்சள் வேறு கணக்கு. ஒரு டீஸ்பூன் தூள் ஏறத்தாழ 3 கிராம். அதில் குர்குமின் 100 மில்லிகிராம் இருந்தாலே அதிகம்.

செடிகளிலிருந்து புற்றுநோய் மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஊசியாக ஏறுகிறது. பிரித்தெடுத்து, விலங்குகளிலும் பிறகு நோயாளிகளிலும் அளவு கண்ட பிறகே அது மருந்தானது. அதே செடியின் இலையை அரைத்துக் குடித்தால் நஞ்சு.

கேப்சூலை ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, அடுத்த முறை போகும்போது அந்த டப்பாவையே கையில் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை நாள், எத்தனை வேளை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.