கிராஸ்ஹாப்பர் காருக்கு முதலில் மோட்டாரை மாற்றலாமா?

தேயிலை மலையின் கிரவல் பாதையில் தாமியா நிறுவனத்தின் ரிமோட் கார் மாதிரியான கிராஸ்ஹாப்பர் துள்ளித் துள்ளித் திசைமாறுகிறது, ஆகவே 380 வகை மோட்டாரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய, வலுக்கூடிய 540 வகையைப் பொருத்தலாமா என்று ஹற்றனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கியர்ப்பெட்டி அதை ஏற்கும். ஆனால் வேகம் கூடினால் துள்ளலும் கூடும் என்பதால், மோட்டாரைக் கடைசியாகவே மாற்ற வேண்டும்.

1984இல் வெளிவந்த இந்த 1/10 அளவு மாதிரியின் பின்புறத்தில் எண்ணெய் அதிர்வுதாங்கிகள் (துள்ளலை எண்ணெயால் அடக்கும் ஷொக் அப்சோபர்கள்) இல்லை. சுருள்வில் அமுங்கியபின் மீண்டெழும் விசையை அடக்க எதுவுமில்லாததால், ஒரு கல்லில் ஏறிய சக்கரம் அடுத்த கல்லிலும் தரையைத் தொடாமல் போகிறது. அதே ஆண்டில் வந்த தாமியாவின் இன்னொரு காரான ஹார்னெட்டின் பின்புறத்தில் எண்ணெய் அதிர்வுதாங்கிகளே உள்ளன. இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் அவ்வகையைப் பொருத்துவதே என் முதல் பரிந்துரை. எண்ணெயை நிரப்பியதும் தண்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் குமிழிகளை வெளியேற்றிய பின்னரே மூடியை இறுக்குங்கள்.

அடுத்து, சக்கரங்களில் அச்சைத் தாங்கும் சாதாரண வளையங்களான புஷ்களுக்குப் பதிலாக, வெளிவிட்டம் 11, உள்விட்டம் 5 மில்லிமீற்றர் கொண்ட குண்டுத் தாங்கிகளை (பெயாரிங்குகளை) இடுங்கள். உராய்வு குறைந்து பற்றரி கூடுதல் நேரம் நிற்கும். நம் மலையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே ரிமோட்டின் சமிக்ஞையைக் காரில் பெறும் ரிசீவரைப் பலூனுக்குள் இட்டு வாயைக் கட்டிவிடுங்கள். லிதியம் பற்றரியை, மின்னழுத்தம் குறைந்ததும் தானே மின்னைத் துண்டிக்கும் வேகக்கட்டுப்படுத்தி இருந்தால் மட்டுமே பயன்படுத்துங்கள்.