வாசகர் கேள்விகள்: பெட்டி, பஞ்சு, ஜெனரேட்டர்

கேள்வி: உக்ரைனில் மனிதர்களே செத்துக்கொண்டிருக்கும்போது, அருங்காட்சியகங்களுக்கென்று வெளிநாடுகள் தனியாகப் பணம் கொடுப்பது நியாயமா? அதை வைத்து அப்படி என்னதான் செய்கிறார்கள்?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: நியாயம்தான். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போகிற பணத்தைப் பிடுங்கி யாரும் ஓவியத்துக்குக் கொடுப்பதில்லை. ஜெனீவாவில் அலிஃப் என்று ஒரு நிதியம் இருக்கிறது. பிரான்சும் ஐக்கிய அரபு அமீரகமும் முன்னின்று 2017இல் தொடங்கியது, போர் நடக்கிற நாடுகளில் கலைச்செல்வங்களைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது.

பணம் பெரும்பாலும் சாதாரணப் பொருள்களுக்குத்தான் போகிறது: மரப்பெட்டி, பொதிகிற பஞ்சு, தீயணைப்பான், ஜெனரேட்டர், காற்றில் ஈரத்தை உறிஞ்சும் மெஷின். ஜெனரேட்டர் எதற்கு என்றால், கீவ் நகரின் கனென்கோ அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 2022 அக்டோபர் 10 அன்று பக்கத்தில் ஏவுகணை விழுந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்கிவிட்டது, அப்புறம் மின் நிலையங்களையும் அடிக்க ஆரம்பித்ததால் கரண்ட்டும் நிலையில்லை. அங்கே 6, 7ஆம் நூற்றாண்டுப் புனிதர் படங்கள் இருந்தன, மெழுகை உருக்கி வண்ணம் கலந்து மரப்பலகையில் தீட்டியவை. மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு உப்பி இறுகிக்கொள்ளுமே, அந்தப் பலகையும் அப்படித்தான், ஈரம் ஏறி இறங்கினால் மேலே இருக்கிற வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஆயிரத்து முந்நூறு வருஷம் தாங்கியது ஒரு குளிர்காலத்தில் போய்விடும் என்பதால்தான் 2023 மே மாதம், அலிஃப் உதவியோடு, 16 பொருள்களை பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

உதவி முன்கூட்டியே வந்தால்தான் உதவி. கெர்சோன் நகரம் படையெடுப்பு தொடங்கி ஒரு வாரத்திலேயே ரஷ்யாவின் கைக்குப் போய்விட்டது. 2022 நவம்பரில் அவர்கள் பின்வாங்கும் முன் அங்குள்ள கலை அருங்காட்சியகத்திலிருந்து 10,000க்கும் மேற்பட்ட படைப்புகளை லாரியில் ஏற்றி, ரஷ்யாவின் பிடியில் இருக்கிற கிரீமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்து, இது எங்களுடையது, இதுவும் எங்களுடையது என்று ஊழியர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது மனசு ஆறவேயில்லை.

கேள்வி: வெளிநாட்டுக்கு அனுப்பினால் திரும்பி வருமா?
(ஒரு வாசகர், தேனி)

பதில்: வந்திருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசியில், 1939 பிப்ரவரியில், பல நாட்டு அருங்காட்சியகங்கள் சேர்ந்து அமைத்த குழுவின் உதவியோடு, மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியக ஓவியங்களையும் மற்றவற்றையும் 71 லாரிகளில் எல்லை தாண்ட வைத்து ஜெனீவாவுக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் 1,868 பெட்டிகள். அந்த வருஷமே பிராடோவுக்குத் திரும்பிவிட்டன. ஆனால் பயணம் ஆபத்தில்லாதது என்று நினைக்கவேண்டாம்: அதற்கு முந்தைய வருஷம், ஸ்பெயினுக்குள்ளேயே லாரியில் போகும்போது, ஒரு ஊரில் வீட்டு பால்கனி இடிந்து விழுந்து ஸ்பெயின் ஓவியர் கோயாவின் பெரிய ஓவியம் ஒன்று கிழிந்தது. பெட்டிக்கும் பஞ்சுக்கும் யாராவது பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.