டிராகன் மேல் வீரன் ஏறினால் அது நெருப்பு கக்கக் கூடாதா?

தாராளமாகக் கக்கலாம். பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் அதற்குத் தடையே இல்லை.

கக்கக் கூடாது என்று தடுத்திருந்தால், ஆட்டத்தை நடத்துபவர் குதிரைக்கான விதியை டிராகனுக்கும் போட்டிருப்பார். பழக்கிய குதிரை வீரனின் முறை வரும்போதுதான் நகரும். விரைந்து ஓடும், அடியைத் தவிர்க்கும், சண்டையிலிருந்து விலகும், அவ்வளவுதான். டிராகன் அப்படியில்லை. அதற்குத் தனி முறை. அது கடிக்கும், கக்கும், இஷ்டப்பட்ட பக்கம் பறக்கும்.

ஆட்டக்காரர்களுக்கான விதிப் புத்தகத்தின் (Player's Handbook) 9ஆம் அத்தியாயத்தில் சவாரிச் சண்டைப் பகுதியை அவரிடம் காட்டுங்கள். அறிவுள்ள உயிர்கள் தனித்தே இயங்கும் என்று டிராகனையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே அளவையும் பாருங்கள்: ஏறுபவரைவிட ஒரு படியாவது பெரிதாக இருக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி மனிதனின் அளவுதான், அதில் மனிதன் ஏற முடியாது. இளம் டிராகன் என்றால் சரி.

ஆனால் தனித்து இயங்கும் டிராகன் உங்கள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்றில்லை. இருவருக்கும் பிணைப்பு எவ்வளவு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள், இது ரொம்ப முக்கியம். அப்புறம், வானத்தில் அது நிலைகுலைந்தால் வீரனும் சேர்ந்து விழுவான்: 100 அடி உயரம் என்றால் 10 ஆறுமுகப் பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகை அளவுக்குச் சேதம்.