தீர்த்தமலையை விட்டுவிடுங்கள்

வணக்கம் ஐயா. மைசூர், பெங்களூரு முடித்துச் சேலம் திரும்பும் கடைசி இரண்டு நாள்களில் ஒசூர், கிருஷ்ணகிரி அணை, ஒகேனக்கல், தீர்த்தமலை நான்கையும் பார்க்க முடியுமா, 22 பேரில் பாதி முதியவர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரிக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தீர்த்தமலையை விட்டுவிடுங்கள். அது அரூர்ப் பக்கம்; ஒகேனக்கல்லுக்கு எதிர்த்திசை. மலையும் ஏற வேண்டும். நாள்கணக்கில் வேனில் உட்கார்ந்து வீங்கிய கால்களுக்கு அது தண்டனை.

முதல் நாள் ஒசூர் சந்திரசூடேசுவரர் கோயில், மாலையில் அணைப் பூங்கா, இரவு தருமபுரி. மறுநாள் விடியலில் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல், ஏறத்தாழ 46 கிலோமீட்டர். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். முந்தைய இரவே விசாரித்துக்கொள்ளுங்கள். பரிசலுக்குப் பயப்படுகிறவர்களை வற்புறுத்த வேண்டாம். என் மாமியார் ஏற மறுத்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நனைந்து திரும்பியபோது, விரலெல்லாம் மிளகாய்ச் சிவப்போடு இரண்டாவது மீன் வறுவலை முடித்துக்கொண்டிருந்தார்!

மதியம் மூன்று மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கம் விபத்துக்குப் பேர்போனது. இருட்டுமுன் கடந்துவிடுவது நல்லது. ஓட்டுநரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.