உட்கரு இல்லாத செல்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ‘உட்கருதான் செல்லின் கட்டுப்பாட்டு மையம்’ என்று சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தவள், ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது என்று வந்ததும் எழுந்து வந்து கேட்டாள்: “தலைவரு இல்லாம அந்தச் செல்லு எப்படிம்மா உசுரோட இருக்கும்?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டியூஷனில் கேட்டதற்கு, “அது விதிவிலக்கு, அப்படியே எழுது” என்றார்களாம். அப்படி விட்டுவிடலாமா? நாங்கள் பனைத்தொழில் குடும்பம், என் அப்பா இன்றும் பனையேறுகிறார். அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

வாசகி, திசையன்விளை

அன்புள்ள தங்கச்சிக்கு,

விடக் கூடாது. ஓர் உடம்பு எப்படி ஒழுங்காக நடக்கிறது என்பது அந்த ‘விதிவிலக்கு’க்குள்தான் இருக்கிறது. உங்கள் மகள் சரியான இடத்தில்தான் நின்று கேட்டிருக்கிறாள்.

சிவப்பணு உட்கரு இல்லாமல் பிறப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது மற்றச் செல்களைப் போல உட்கருவோடுதான் இருக்கிறது. அப்போதே, ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைத் தயாரித்துத் தயாரித்து உள்ளே நிரப்பிக்கொள்கிறது. ஒரே செல்லில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். நிரப்பி முடியும் தறுவாயில் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் விழுங்கு செல் அதைத் தின்று செரித்துவிடும். அப்புறம், செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடும். இதில் ஓர் ஆதாயம் உண்டு. ஆக்ஸிஜனைச் செலவழிப்பது மைட்டோகாண்ட்ரியாதான். அது இல்லாததால், சுமந்து போகிற ஆக்ஸிஜனில் சிவப்பணு கை வைப்பதில்லை. தனக்கு வேண்டிய சக்தியை, ஆக்ஸிஜன் இல்லாமலேயே குளுக்கோஸை உடைத்து எடுத்துக்கொள்கிறது.

உட்கரு ஒவ்வொரு நொடியும் உத்தரவு போட்டால்தான் செல் நடக்கும் என்று ‘கட்டுப்பாட்டு மையம்’ என்ற சொல் நம்மை நினைக்க வைக்கிறது. அப்படி இல்லை. புதுப் புரதம் செய்ய வேண்டுமென்றால் உட்கருவில் உள்ள தகவல் வேண்டும். ஏற்கனவே செய்துவைத்த புரதங்கள் தேயாமல் இருக்கிறவரை வண்டி ஓடும். தேய்ந்தால் புதுப்பிக்க வழியில்லை. அதனால்தான் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாளில் முடிகிறது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் கிழடானதைப் பிடித்துச் சிதைத்து, அதிலுள்ள இரும்பைத் திரும்ப மஜ்ஜைக்குக் கிடைக்கச் செய்கின்றன.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பாளையைச் சீவினால் பதனி வடிகிறதே, அது எந்த வழியாக வருகிறது? ஓலையில் தயாராகும் சர்க்கரை, புளோயம் என்ற திசுவில் உள்ள சல்லடைக்குழாய்கள் வழியாகத்தான் மரமெங்கும் போகிறது, பாளைக்கும் வருகிறது. நீளநீளமான செல்கள் ஒன்றோடொன்று முனை சேர்ந்து ஆனது அந்தக் குழாய். சேருமிடத்துச் சுவர் துளை துளையாக இருக்கும். வழியை அடைக்காதபடி, இந்தச் செல்லும் முதிரும்போது உட்கருவை இழந்துவிடுகிறது. ஆனால் சாகவில்லை. அதன் சவ்வு உயிரோடு இருந்தால்தான் சர்க்கரை ஓட்டம் நடக்கும். வெட்டுப்பட்டால் காலோஸ் என்ற பொருளை வைத்துத் துளைகளை அடைத்துக்கொள்ளவும் செய்யும். உங்கள் அப்பா தினமும் பாளை நுனியை மெல்லிசாகச் சீவி எடுப்பது அடைபட்ட முனையை நீக்கிப் புது முனையைத் திறக்கத்தான். ஒரு நாள் ஏறாமல் விட்டால் கலயத்தில் பதனி குறைவது அவருக்குத் தெரியும். அவர் கையும் அருவாளும் அறிந்த விஷயம் இது. பாடப்புத்தகத்தில் படமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். பனை ஒருவித்திலைத் தாவரம். வேம்பு, புளி மாதிரிப் புதிது புதிதாகப் புளோயம் உண்டாக்கித் தடிக்கிற கேம்பியம் அதற்குக் கிடையாது. உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரியில் நிற்கும் ஒரு வயதான பனையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமரம் உருவான காலத்தில் வந்த அதே சல்லடைக்குழாய்கள்தான் இன்றும் வேருக்குச் சர்க்கரை கொண்டு போகின்றன. உட்கரு இல்லாத செல், அறுபது எழுபது வருஷமாக! சிவப்பணுவுக்கோ நாலு மாதம்தான்.

வித்தியாசம் பக்கத்துச் செல்லில் இருக்கிறது. ஒரே தாய்ச்செல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று சல்லடைக்குழாய்ச் செல்லாகிறது, மற்றது துணைச்செல்லாகிறது. துணைச்செல் தன் உட்கருவை விடுவதில்லை. இரண்டுக்கும் வேண்டிய புரதங்களைத் தயாரித்து, நடுச்சுவரில் உள்ள நுண்ணிய வழிகள் மூலம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. துணைச்செல் செத்தால் மற்றதும் பிழைக்காது. ரத்தத்தில் தனியாக ஓடுகிற சிவப்பணுவுக்கு அப்படி ஒட்டி நின்று கொடுக்க ஆள் இல்லை.

எந்தச் செல்லும் ஒரு வேலையில் தேர்ந்ததாக ஆகும்போது எதையாவது கைவிடுகிறது. நரம்புச் செல்லைப் பாருங்கள்: முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் வரை ஒரு மீட்டர் நீளம் போகும் நரம்பிழை ஒரே செல்லினுடையது. அந்தச் செல் பிரிந்து பெருகும் திறனை விட்டுவிட்டது. பெரும்பாலான செல்கள் தகவலைத் தூக்கி எறிவதில்லை, வேண்டாததை மூடி வைக்கின்றன. தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, தன் உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து தவளையே வளர முடியும் என்று 1962இல் ஜான் கர்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் காட்டினார். குடல் செல்லுக்குள்ளும் முழுத் தவளைக்கான தகவல் இருந்திருக்கிறது.

சரி, தலைவர் யார்? சிவப்பணுவையே எடுத்துக்கொண்டால், எத்தனை வேண்டும் என்று சொல்வது மூளைகூட அல்ல, சிறுநீரகம். தனக்கு வரும் ஆக்ஸிஜன் குறைந்தால் அது எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். மஜ்ஜை உற்பத்தியைக் கூட்டும். சாதாரண நாளிலேயே விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என்று புத்தகம் போடும் படிக்கட்டு தப்பில்லை. ஆனால் உத்தரவு எப்போதும் மேல்படியிலிருந்துதான் இறங்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். யாராவது ஆசிரியர் அதை உடைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். எல்லாப் பிராணிக்கும் சிவப்பணு இப்படி இல்லை. கோழிக்கும் தவளைக்கும் மீனுக்கும் அதில் உட்கரு உண்டு. கறிக்கடையில் கோழி ரத்தம் ஒரு துளி வாங்கிக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தேய்த்துக் காயவைத்து, ஆசிரியர் துணையோடு பள்ளி ஆய்வகத்தில் மெத்திலீன் நீலம் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். நீள்வட்டச் செல், நடுவில் நீலமாக உட்கரு தெரியும். அங்கே மனித ரத்தத்தின் ஸ்லைடு இருந்தால் அதையும் வாங்கிப் பக்கத்தில் வைக்கட்டும். வட்டமாக, நடுவில் வெளிறி இருக்கும். அந்த வெளிறிய இடத்தை உட்கரு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பக்கமும் குழிந்திருப்பதால் அங்கே செல் மெலிந்திருக்கிறது.

அன்புடன்,
அண்ணாச்சி