உடற்பயிற்சி மூன்றாம் கிழமையில் விட்டுப்போகிறதா?
உடம்பைக் குறைக்க ஜிம்மில் மூன்று தரம் சேர்ந்து, ஒவ்வொரு தரமும் மூன்றாம் கிழமையில் விட்டதாகவும், முதல் 2 கிலோ இறங்கிய பிறகு தராசு அசையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சோம்பல் இல்லை அது. தராசைப் பார்த்து மனம் விட்டுப்போகிறது. முதல் கிழமையில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டால் விடிய 1 கிலோ வரை கூட்டிக் காட்டலாம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலையில் வெறும் வயிற்றில் நிறுத்து எழுதுங்கள், ஏழு நாள் சராசரியை மட்டும் போன கிழமையோடு ஒப்பிடுங்கள். கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் தாராளம்.

ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேலையால் வந்து கதிரையில் இருந்தால் கதை முடிந்தது. நீங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தைதானே, சப்பாத்தைக் கழற்றாமல் கடற்கரையோர மரைன் டிரைவ் வீதியில் 10 நிமிடம் நடவுங்கள், மழையென்றால் மாடிப்படி. முதல் மாதம் நேரத்தைக் கூட்டாதீர்கள், அவசரப்பட்டுக் கூட்டின இடத்தில்தான் பலர் விடுகிறார்கள்.

நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி என்றீர்கள். அது நாளுக்குக் கிட்டத்தட்ட 50 கிராம் சீனி, 200 கலோரி! ஒவ்வொரு கிழமையும் கோப்பைக்கு அரைக் கரண்டி குறைத்துக்கொண்டு வாருங்கள், நாக்கு பழகிவிடும். நீரிழிவுக் குளிசை எடுக்கிறீர்கள் என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.