எலக்ட்ராலிசிஸ் படிக்க எவ்வளவு இயற்பியல் வேண்டும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் எலக்ட்ராலிசிஸ், அதாவது வேண்டாத முடியை மின்சாரத்தால் நிரந்தரமாக நீக்கும் தொழிலைப் படிக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் தட்டுத்தடுமாறிய பெண்ணுக்கு மின்சாரப் பாடம் மண்டையில் ஏறுமா என்பது ஒன்று. அடுத்தவர் முகத்தில் கரண்ட் வைக்கிற வேலையாயிற்றே, ஏதாவது ஆகிவிட்டால் என்பது இன்னொன்று. முதல் பயத்தை இப்போதே விட்டுவிடலாம். இரண்டாவது கொஞ்சம் இருக்கட்டும். உங்கள் மகளுக்கும் அது இருப்பது நல்லது.

இதை லேசரோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். லேசர் ஒளி முடியிலுள்ள கருநிறமியைப் பிடித்துச் சூடேற்றுகிறது. நரைத்த முடியில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. எலக்ட்ராலிசிஸ் செய்பவர் ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெல்லிய ஊசியை இறக்கி, மின்சாரம் செலுத்தி, முடியை வளர்க்கும் செல்களை அழிக்கிறார். முடியின் நிறம் பொருட்டே இல்லை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., லேசர் கருவிகளுக்கு ‘நிரந்தரக் குறைப்பு’ என்று சொல்லிக்கொள்ளத்தான் அனுமதி தருகிறது. ‘நிரந்தர நீக்கம்’ என்ற பெயர் எலக்ட்ராலிசிஸுக்குத்தான். ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள், தாடி முடி நரைக்கத் தொடங்கிவிட்ட திருநங்கைகள் என்று தேவை உள்ளவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் வந்துபோக வேண்டியிருக்கும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் மூன்று முறைகள் உண்டு. மூன்றுக்கும் வேண்டிய அடிப்படை, பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்திலும் பிளஸ் டூ மின்வேதியியலிலும் இருப்பதுதான்.

பழையது கால்வானிக் முறை. 1875இல் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமுடிகளை எடுக்க இதைப் பயன்படுத்தியதை எழுதிவைத்தார். செலுத்துவது நேர்த்திசை மின்னோட்டம். ஊசி எதிர்மின்வாய், வாடிக்கையாளர் கையில் பிடித்திருக்கும் உலோகத் தண்டு நேர்மின்வாய். தண்டை அவர் கீழே வைத்துவிட்டால் சுற்று அறுந்துபோகும், வேலை நின்றுவிடும். ஊசி முனையில் நடப்பது சுத்தமான வேதியியல். மயிர்க்காலின் ஈரத்திலுள்ள நீர் பகுபட்டு ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடு அயனியும் உண்டாகின்றன. அங்கேயே இருக்கும் உப்பின் சோடியத்தோடு சேர்ந்தால் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. செல்களை அழிப்பது மின்சாரம் அல்ல, இந்தக் காரம். சில நேரம் மயிர்க்கால் வாயில் நுரை தெரியும். அது ஹைட்ரஜன்.

எவ்வளவு காரம் என்பதுதான் உங்கள் மகள் போட வேண்டிய கணக்கு. மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, ஒரு விநாடி பாய்ந்தால் ஒரு ‘லை யூனிட்’ (லை என்றால் இந்தக் காரம்தான்). 0.3 மில்லி ஆம்பியரை 20 விநாடி விட்டால் 60 யூனிட். 0.6 மில்லி ஆம்பியரை 10 விநாடி விட்டாலும் அதே 60தான். அடுப்பில் தீயைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்கிற கணக்கு, அவ்வளவே. ஃபாரடே விதியில் போட்டுப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு உண்டாகும் காரம் சுமார் 41 நானோகிராம். 60 யூனிட்டுக்கு இரண்டரை மைக்ரோகிராம்தான் வரும். மயிர்க்காலின் அளவுக்கு அது போதும்.

அளவைப் பார்த்தாலே உங்கள் பயம் பாதி குறையும். கருவியின் பிளக் 230 வோல்ட்டில் இருந்தாலும், உள்ளே மின்மாற்றி அதைப் பிரித்து இறக்கிவிடுகிறது. ஊசி வழியே பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் போகும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்க வீட்டு மெயின் போர்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. துண்டிப்பதே 30 மில்லி ஆம்பியர் கசிவில்தான். ஆனால் இதெல்லாம் தரமான கருவிக்கும் சரியான எர்த்துக்கும் பொருந்தும் கணக்கு. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் ஆக்கி ஓட்டும் பார்லரில் பயிற்சிக்கு விடாதீர்கள்.

துருவத்தை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? ஊசி நேர்மின்வாய் ஆகிவிடும். அதன் உலோகம் கரைந்து தோலுக்குள் படியும், பச்சை குத்தியதுபோல் கறுப்புப் புள்ளி நின்றுவிடும். எந்த ஒயர் எங்கே என்று மனப்பாடம் செய்தவர்கள் ஒருநாள் மாற்றி மாட்டுவார்கள். ஏன் என்று தெரிந்தவர்கள் மாட்டுவதற்கு முன் ஒருமுறை நின்று பார்ப்பார்கள்.

இரண்டாவது தெர்மாலிசிஸ். 1924இல் பிரான்சின் லியோன் நகரில் ஆன்ரி போர்டியே தொடங்கிவைத்தது. இதில் மாறுதிசை மின்னோட்டம், அதுவும் 13.56 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்: விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் அதிர்வுகளுக்கும் மேல். நரம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் ஷாக் அடிக்காது, சூடு மட்டும் தெரியும். கையில் தண்டும் தேவையில்லை. ஒயர் இல்லாமல் சுற்று எப்படி முழுமையாகிறது என்று உங்கள் மகள் கேட்டால் சந்தோஷப்படுங்கள், நல்ல கேள்வி அது. இவ்வளவு உயர் அதிர்வெண்ணில் உடலே மின்தேக்கியின் (ஒன்றையொன்று தொடாத இரு தகடுகளுக்கிடையே மாறுதிசை மின்னோட்டத்தைக் கடத்தும் கருவியின்) ஒரு தகடுபோல் நடந்துகொள்கிறது.

இன்னொன்றையும் பலர் தவறாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊசி பழுக்கக் காய்ந்து திசுவைச் சுடுவதில்லை. ஊசியைச் சுற்றியுள்ள ஈரத் திசுதான் சூடாகிறது. ஊசி அதனிடமிருந்து வெப்பம் வாங்குகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்ற ஜூல் விதி நினைவிருக்கிறதா? மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ‘கொஞ்சம் கூட்டிவைப்போமே’ என்று குமிழைத் திருப்புகிறவர் தழும்பு போடுவது இதனால்தான். மின்னோட்டம் ஓடும்போதே ஊசியை இழுத்தால் மேல்தோலும் வெந்துவிடும்.

மூன்றாவது பிளெண்ட், இரண்டையும் சேர்த்தது. சென்ட் பியர், ஹிங்கல் என்ற இருவர் 1948இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். காரம் சூடானால் வேகமாக வேலை செய்யும் என்பதுதான் சூட்சுமம்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். நம் நாட்டில் இதற்கென்று தனி உரிமத் தேர்வு கிடையாது. கலிபோர்னியாவில் 600 மணி நேரப் பயிற்சி முடித்துத்தான் உரிமத் தேர்வு எழுத முடியும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ‘ஐந்தே நாளில் சான்றிதழ்’ என்ற விளம்பரத்தை எடைபோடுங்கள். இதை மட்டும் படித்துவிட்டு வேலை தேடுவதையும் நான் ஆதரிக்கமாட்டேன். முதலில் ஐ.டி.ஐ. காஸ்மெட்டாலஜி அல்லது ஒரு நல்ல அழகுக்கலை டிப்ளமோ, அதன்மேல் எலக்ட்ராலிசிஸ், பிறகு கொஞ்ச காலம் தோல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வேலை. திடீரென்று முகத்தில் முடி முளைக்கும் பெண்ணை முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஊசியைத் தொடவே கூடாது. தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இதெல்லாம் மருத்துவர் பக்கத்தில் இருந்தால்தான் பழக்கமாகும்.

கண்பார்வையும் பொறுமையும் மதிப்பெண்ணைவிட முக்கியம். ஒரே இடத்தில் குனிந்து மணிக்கணக்கில் உட்கார முடியுமா என்று அவளையே கேளுங்கள்.

நிறுவனத்துக்கு நேரில் போகும்போது மூன்று முறைகளையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதா என்று பாருங்கள். பிறகு பயிற்சியாளரிடம் ‘தண்டு எதற்கு, தெர்மாலிசிஸுக்கு ஏன் வேண்டாம்?’ என்று உங்கள் மகளை விட்டே கேட்கச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் மிஷினே பார்த்துக்கும்மா’ என்று பதில் வந்தால், பணம் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.